ஒரு சிலிண்டர் கடல் தண்ணீர்

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு கடலை நம்பிக் குடித்தனம் நடத்தியவர் உலகத்திலேயே எங்கள் சமுத்திரம் சார் ஒருவர்தான். காக்ஸ் டவுனில் எனக்கு மேல்வீட்டுக்காரர். கோலார் தங்கவயல் சுரங்கத்தில் பம்ப் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.

கோடை வந்தால் எங்கள் போர்வெல் கையை விரித்துவிடும். டேங்கர் வரும், கூடவே சண்டையும் வரும். கீழ்வீட்டு கௌரம்மாவும் எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சரும் ஒரே பைப்பை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். கௌரம்மா கன்னடம், டீச்சர் தமிழ். டிவியில் காவிரிச் செய்தி ஓடும் நாளென்றால் கேட்கவே வேண்டாம், பைப் சண்டை மாநிலச் சண்டையாகிவிடும். குழம்பும் தயிருமாய்க் கைமாற்றிப் பழகிய வீடுகள், முறித்துக்கொண்டு போய்விடுமோ என்று எனக்குப் பயம்.

அப்போதுதான் சார் படியிறங்குவார்.

“காவேரிய விடுங்கம்மா! சமுத்திரம் சும்மாதானே கெடக்கு? உப்ப எடுத்தா ஆச்சு!”

“அய்யோ தேவரே! பெங்களூருக்கு அத்தன ஒசரம் யாரு சார் ஏத்தறது?” என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டே கேட்பார் கௌரம்மா.

“சுரங்கத்துல பாதாளத்துலேர்ந்தே தண்ணிய மேல தள்ளுனவன்மா நானு. எங்கிட்டயேவா?”

ஒருமுறை சென்னை போனவர், கேன் நிறையக் கடல் தண்ணீரோடு ரயிலில் வந்து இறங்கினார். குக்கர் மூடியில் ரப்பர் குழாயைச் சொருகி நாளெல்லாம் காய்ச்சினார். சாயங்காலம் டேங்கர் சண்டை உச்சத்தில் இருக்கும்போது சொம்போடு ஓடிவந்தார்.

“குடிச்சுப் பாருங்க, தேன்!”

கௌரம்மா ஒரு வாய் குடித்தார். “உப்பு இல்ல சார். ஆனா டயர் வாசன வருது!”

பின்னாலேயே சாரின் மனைவி வந்தார். “ஒரு சொம்புத் தண்ணிக்கு ஒரு சிலிண்டர் காலி! ராத்திரிக்கு என் தலையிலயா சோறு வடிக்கிறது?”

டீச்சருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கௌரம்மா பைப்பைப் போட்டுவிட்டுப் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். அன்று சாருக்குச் சோறு கீழ்வீட்டிலிருந்து, மீன் குழம்பு டீச்சர் வீட்டிலிருந்து. மனுஷர் அசரவில்லை. “வெயில்ல காய்ச்சினா கேஸே வேணாம்” என்று சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

இந்தக் கோடையில் அவர் முழங்கால் வலி என்று தங்கவயலில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். டேங்கர் வந்தது, சண்டை வந்தது, சார் வரவில்லை. இரண்டு பெண்களும் பேச்சையே நிறுத்திவிட்டார்கள். படியில் ஏறினாலும் இறங்கினாலும் உம்மென்ற முகம்தான். பொறுக்காமல் போன் போட்டேன்.

“சார், எப்ப வர்றீங்க?”

“நேத்து டீச்சரம்மா இதையே கேட்டாங்க. காலையில கௌரம்மாவும் கேட்டாங்க. எல்லாருக்கும் கடல் மேல நம்பிக்கை வந்துடுச்சு போல. ப்ளான்ட் போட்டுடலாமா?”

“போட்டுடலாம் சார். முதல்ல நீங்க வீடு வந்து சேருங்க” என்றேன்.