அரை இஞ்ச் ஸ்குரூ டப்பா

"யோவ், நீயெல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?"

பட்டறை வாசலில் நின்று இப்படிக் கத்தியவர் காய்கறிக் கடைக்காரர். அவர் கோபத்தில் தப்பில்லை. தராசைச் செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. மூன்றாவது தடவையாக வந்திருக்கிறார். ஆனாலும் இந்தக் கேள்வியைக் கேட்டால் ரோஷமுள்ள எவனும் சட்டையைப் பிடிப்பான். நான் உள்ளதைச் சொன்னேன்.

"இல்லீங்க. டாக்டர் வேண்டாம்னுட்டார்."

அவர் முகம் தொங்கிப் போயிற்று. "அப்படியா... உடம்பைப் பார்த்துக்குங்க. தராசு மெதுவா வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்னும் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த இரக்கம்தான் தாங்கவில்லை. அந்த நிமிஷமே ஒரு சபதம் எடுத்தேன். இனி நான் நோயாளி இல்லை. உப்பு தின்னப் போகிறேன். எந்த டாக்டர் வந்து தடுக்கிறான், எந்தப் பெண்டாட்டி வந்து தடுக்கிறாள் என்று பார்த்துவிடுகிறேன்.

(இதை மனசுக்குள்தான் சொன்னேன். அவள் பக்கத்து அறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.)

நான் தராசு ரிப்பேர்க்காரன். நகைக்கடைத் தராசு முதல் லாரி ஏறி நிற்கிற எடை மேடை வரை என் கை படாத தராசு இந்தப் பக்கத்தில் கிடையாது. கால் கிராம் ஏமாற்றினாலும் கண்டுபிடித்துவிடுவேன். கடைக்காரர்களுக்கு நான் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: மேலே எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் என் உடம்பே கள்ளத் தராசு ஆகிவிட்டது. இதயத்துக்குப் பலம் போய், நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. "இது முழுசா குணமாகிற வியாதி இல்லை. கூடவே வெச்சுக் குடித்தனம் பண்ணணும்" என்றார் டாக்டர்.

"இருபத்தாறு வருஷமா அதைத்தானே பண்ணிக்கிட்டிருக்கேன்" என்றேன்.

டாக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்றவளும் சிரிக்கவில்லை. ஒன்பது நாளும் நாற்காலியிலேயே தூங்கி அவள் கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்திருந்தது. அதனால் சிரிப்பு வரவில்லை போலும்.

காலையில் நாலு மாத்திரை. ஒன்று உடம்பில் நீர் தேங்காமல் இருக்க. அதைப் போட்டுவிட்டால் பத்து மணிவரை நான் கழிப்பறைக்குச் சொந்தம். இன்னொன்று ரத்த அழுத்தத்துக்கு. குனிந்து நிமிர்ந்தால் பட்டறை ஒரு சுற்றுச் சுற்றி நிற்கும். மூன்றாவதால் வறட்டு இருமல். "நாளைக்குக் கண்டிப்பா தந்துடுறேன்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லும்போது சரியாக வரும். பொய் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பொய்தான். ஆனால் அது இருமலுக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் புரியவில்லை.

என் மனைவி ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மாத்திரைகளை நிறத்தை வைத்துத்தான் கூப்பிடுவாள்.

"மஞ்சளைப் போட்டீங்களா?"

"போட்டாச்சு."

"பாதி வெள்ளை?"

"போட்டாச்சு."

"அப்ப நாற்காலிக்கு அடியில கெடக்கிறது எந்தப் பாதி?"

தினமும் காலையில் பல் விளக்கியதும் என்னைத் தராசில் ஏற்றுவாள். இரண்டு கிலோ ஏறினால் மறுபடி ஆஸ்பத்திரி என்பது டாக்டர் உத்தரவு. எடையைக் காலண்டரில் எழுதுவாள். எத்தனையோ கடைக்காரர்களை நடுங்க வைத்தவன் நான். என் வீட்டுத் தராசில் ஏறி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

இந்த நேரத்தில்தான் சிமெண்ட் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தது. அவர்கள் எடை மேடையை வருஷத்துக்கு ஒரு தடவை நான்தான் சரிபார்ப்பேன். பதினாலு வருஷமாக. அந்த ஒரு நாளுக்காகத்தான் மிச்ச நாளெல்லாம் நான் காய்கறித் தராசு திருப்புகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

"போகக் கூடாது" என்றாள்.

"போவேன்."

"மூணு மணி நேரம் வண்டியில போகணும். மேடைக்கு அடியில குழிக்குள்ள எறங்கணும். தலை சுத்தி விழுந்தா?"

"விழுந்தா எடை மேடையிலதானே விழுவேன். எவ்வளவுன்னு சரியா காட்டும்."

அவள் காய் நறுக்கிய கத்தியைக் கீழே வைத்தாள். எனக்கும் பேசியது அதிகம் என்று பட்டது. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். அடுத்த மாதம் டாக்டர் பார்க்கும்போது எடை ஏறாமல், கால் வீங்காமல் இருந்தால் நான் தொழிற்சாலைக்குப் போகலாம். ஏறியிருந்தால் பட்டறையை மூடிவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். நிரந்தரமாக.

புத்தியுள்ளவன் ஒரு மாதம் உப்பைத் தொடாமல் இருந்திருப்பான். ஆனால் எனக்குச் சபதம் இருக்கிறதே!

பட்டறை அலமாரியில் 'அரை இஞ்ச் ஸ்குரூ' என்று நானே எழுதி ஒட்டிய தகர டப்பா இருந்தது. ஸ்குரூக்களை ஒரு கிண்ணத்தில் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவித் துடைத்தேன். காலையில் அவள் வாசல் பெருக்கப் போகும்போது சமையலறை ஜாடியிலிருந்து ஒரு கரண்டி உப்பை அதில் போட்டுக்கொண்டேன். சாப்பிடும்போது டப்பா சட்டைப்பையில். அவள் தண்ணீர் எடுக்கத் திரும்பினால் ஒரு தூவல்.

ஆகா! நாக்குக்கு உயிர் வந்தது. காய்கறிக் கடைக்காரர் இப்போது வந்து கேட்கட்டும்!

நாலாம் நாள் ஜாடியைத் திறந்தால் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. விடவில்லை. சுரண்டி எடுத்தேன். மறுநாளும் அடியில் அதே கொஞ்சம். அதையும் சுரண்டினேன்.

சாயங்காலம் அவள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம் பேசியது காதில் விழுந்தது.

"ஏன்டி, எலி உப்பு திங்குமா?"

"எலியா? உப்பையா? எனக்குத் தெரிஞ்சு திங்காது, அக்கா."

"எங்க வீட்டு எலி திங்குதுடி. ஜாடியைத் தொறந்து தின்னுட்டு, திரும்ப மூடி வேற வெக்குது."

"பாஷாணம் வெச்சுப் பாருங்க."

"சே, வேண்டாம். வளர்த்த எலி மாதிரி இருக்கு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும், பாவம்.

ஒரே ஒரு வருத்தம். அவள் சமையல் நாளுக்கு நாள் மோசமாயிற்று. முன்பாவது குழம்பில் உப்பு இருப்பதுபோல ஒரு பிரமை இருக்கும். இப்போது பிரமையும் போய்விட்டது. ஸ்குரூ வைத்த கிண்ணமும் எங்கோ காணாமல் போயிற்று. கேட்டால், "எலிகிட்ட கேளுங்க" என்றாள்.

எடை? அறுபத்தெட்டிலிருந்து அசையவில்லை! காலண்டரில் வரிசையாக அறுபத்தெட்டு. அதுதான் வேடிக்கை. ஏறியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்திருக்கிறேன். ஸ்பிரிங்கை ஒரு திருப்புத் திருப்பினால் போதும், ஒரு குட்டி யானையைக்கூட அறுபத்தெட்டு என்று காட்ட வைப்பேன். ஒருநாள் திருப்புளியை எடுத்துக்கொண்டு குனிந்தும் பார்த்தேன். கை வரவில்லை. உப்பைத் திருடலாம். தராசில் கை வைக்க முடியாது.

டாக்டரிடம் போகும் நாள் வந்தது. அவர் காலை அமுக்கிப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"பிரமாதம். வீக்கம் இல்ல. எடை ஏறல. உப்பை நல்லா கட்டுப்பாடா வெச்சிருக்கீங்க."

இந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். விருட்டென்று எழுந்தேன். மாத்திரை வேலை செய்தது. தலை சுற்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டே முழங்கினேன்.

"டாக்டர்! நான் ஒரு மாசமா தினமும் உப்பு தின்னிருக்கேன்! திருட்டு உப்பு! என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகல. உங்க உப்புச் சட்டமெல்லாம் சும்மா!"

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். "அளவு எவ்வளவும்மா?"

"நீங்க எழுதிக் குடுத்த அதே நாலு கிராம்தான். இவரோட நகைத் தராசுலயே அளந்து தினம் காலையில ஜாடியில போட்டு வெச்சுடுவேன். சமையல்ல ஒரு கல்லு போடறதில்ல. ஒரு துளி மிச்சம் வெக்காம சுரண்டிடுவார், டாக்டர். அந்த விஷயத்துல ரொம்ப ஒழுங்கு."

நான் உட்கார்ந்தேன்.

"மாத்திரையைத்தான் கீழ போட்டுடறார்" என்று அவள் தொடர்ந்தாள். "உப்புன்னா அவரே எடுத்துச் சாப்பிட்டுக்கிறார். மாத்திரையையும் ஒளிச்சு வெச்சுப் பார்க்கலாம்னு இருக்கேன்."

வீட்டுப் படியில் கேட்டேன்.

"தராசை நான் திருப்பியிருந்தா?"

"நீங்க தராசுல கை வெக்க மாட்டீங்க. அது எனக்குத் தெரியும்."

செருப்பைக் கழற்றிக்கொண்டே, "நீயும் ஒரு மாசமா உப்பில்லாமலா சாப்பிட்டே?" என்றேன்.

"எனக்கு ஏது டப்பா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நெஞ்சில் ஏதோ செய்தது. நீர் இல்லை. அதை டாக்டர் அப்போதுதான் பார்த்துச் சொல்லியிருந்தார்.

ஆனாலும் பந்தயத்தில் ஜெயித்தது நான்! தொழிற்சாலைக்குப் போகும் நாளும் வந்தது. அந்த மஞ்சள் நீர் மாத்திரையை வழியில் போட்டால் அவஸ்தை என்று டாக்டரிடம் கேட்டு, வேலை முடிந்து மத்தியானம் போட்டுக்கொள்ள அவளே ஏற்பாடு செய்திருந்தாள். இரக்கம்! மறுபடி இரக்கம்! எனக்குள் பழைய சபதம் முறுக்கிக்கொண்டு எழுந்தது. நாலு கிராம் அளந்து திருட வைத்தவளுக்கு நான் யார் என்று காட்ட வேண்டாமா? முந்தின நாளே மூலைக்கடையில் என் கையால் ஒரு பொட்டலம் உப்பு வாங்கி, ஸ்குரூ டப்பாவில் விளிம்புவரை கொட்டி அமுக்கி, கருவிப் பெட்டியின் அடியில் வைத்தேன். இந்த உப்பை அவள் அளக்கவில்லை.

காலையில் தொழிற்சாலை வண்டி வந்தது. நான் செருப்பு மாட்டும்போது அவள் டிரைவரிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். கனம் சரியாக இருந்தது. முப்பது வருஷத்துக் கை, பொய் சொல்லாது.

எடை மேடை குழியில் இறங்கினேன். தலை சுற்றவில்லை. இருமல்கூட மரியாதையாக இருந்தது. மத்தியானத்துக்குள் மேடை கிலோ பிசகாமல் நின்றது. மேனேஜர் கை குலுக்கினார். எத்தனை நாளாயிற்று ஒரு மனுஷன் என் உடம்பைப் பற்றி விசாரிக்காமல் கை கொடுத்து!

கேன்டீனில் உட்கார்ந்தேன். சமையல்காரர் எனக்கு மட்டும் தனித் தட்டு கொண்டுவந்தார்.

"உங்க வீட்டம்மா டிரைவர்கிட்ட ஒரு பொட்டலம் குடுத்தனுப்பினாங்க அண்ணே. உங்களுக்குத் தனியா சமைச்சு, அந்த நாலு கிராமை மட்டும் போட்டிருக்கேன். அப்புறம், சாப்பாட்டுக்கு முன்னால மஞ்சள் மாத்திரையாம்."

"பேஷ்" என்றேன். மஞ்சளைப் போட்டுக்கொண்டேன். சிரித்தேன். கருவிப் பெட்டியைத் திறந்து அடியிலிருந்து டப்பாவை எடுத்தேன். கேன்டீன் முழுக்கப் பார்க்கட்டும் என்று மூடியைத் திருகினேன்.

ஆடிச் சத்தம் வராமலிருக்க மேலே ஒரு துண்டுத் துணி திணித்திருந்தது. எடுத்தேன்.

மேலே எழுதியிருந்தது, அரை இஞ்ச் ஸ்குரூ. உள்ளே இருந்ததும் அரை இஞ்ச் ஸ்குரூ.