இடியும் எதிரொலியும்

ஞாயிறு பூசையில் நற்கருணை அப்பம் கொடுக்க, சனம் நன்மை வாங்கும் நேரம். மாதா கோயிலே கண்மூடி நின்றது. அப்போது பார்த்து ஆண்ட்ரூவின் கிட்டார் இடி இடித்தது.

"போன வாரமும் இதே கூத்துதான்," என்றார் பாடகர் குழுத் தலைவி ஃப்ளோரன்ஸ் டீச்சர், பூசை முடிந்ததும். "அடுத்த ஞாயிறும் கேட்டுச்சுன்னா கிட்டாரே வேணாம். கீபோர்டு போதும்."

பதினாறு வருஷமாக வாசிக்கிறவன். நிஜமாகவே வலித்தது.

குற்றவாளிகள் இரண்டு ஸ்டீல் டப்பாக்கள். கிட்டார் சத்தத்தை மாற்றும் பெடலைக் கடையில் வாங்குவது கோழைகளின் வேலை என்று, பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிற மிதப்பில், பலகார டப்பாவுக்குள் சர்க்யூட் வைத்து அவனே செய்தவை. டப்பாவின் பக்கவாட்டில் ஒரு பித்தான். கால் கட்டைவிரலால் அழுத்தினால் ஒன்று எதிரொலிக்கும், மற்றது இடிக்கும். அழுத்திப் பார்க்காமல் எது எது என்று செய்தவனுக்கே தெரியாது. இரண்டும் அச்சு அசல் ஒன்று.

"பேர் எழுதி வைங்களேன்," என்றாள் மனைவி லிசா.

மார்க்கரில் எழுதினான். கோயிலுக்குள் செருப்பு கிடையாது; ஒத்திகையிலேயே கால் வியர்வையில் அழிந்தது. ஸ்டிக்கர் ஒட்டினான். அது கழன்று உள்ளங்காலில் ஒட்டிக்கொண்டது. ஒத்திகை முடிந்து ஜெபத்துக்கு அவன் முழந்தாளிட்டபோது குழுவின் பின்வரிசை மொத்தமும் 'இடி' என்று படித்துச் சிரித்தது.

கடைசியில், அழுத்திப் பார்த்து ஒன்றை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் பிடித்துக்கொண்டு, தி. நகர் பாத்திரக்கடை வாசலில் பெயர் வெட்டும் மெஹபூப் அலி பாயிடம் போனான்.

"இதுல எதிரொலி, அதுல இடி. மூடி மேல வெட்டுங்க பாய்."

"மூடில வெட்டக்கூடாது சார். மூடி எங்கனா பூடும்."

"நின்னு பாத்தா மூடிதான் பாய் தெரியும். நான் சயின்ஸ் வாத்தியார்."

"அது சரி," என்றார் பாய். மூடியில் வெட்டிவிட்டு, டப்பாக்களைக் கவிழ்த்தும் ஏதோ கீறினார். வாத்தியார் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டிலும் புது பேட்டரி போட்டு மூடினான். 'எதிரொலி'யை அழுத்தினான். இடித்தது. 'இடி'யை அழுத்தினான். தேவதைகள் பாடினார்கள்.

"பாய் மாத்தி வெட்டிட்டாரே!"

ஸ்டீலில் வெட்டியதை எப்படி அழிப்பது? லிசாவிடம் சொன்னால் சிரிப்பாள். யோசித்து யோசித்து இயற்பியல் மூளை ஒரு தீர்வைக் கண்டுபிடித்தது: மனப்பாடம்.

பல் தேய்க்கும்போதும் முணுமுணுத்தான். பஸ்ஸிலும் முணுமுணுத்தான். "இடின்னா எதிரொலி. எதிரொலின்னா இடி." பக்கத்து சீட்காரர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார். சனிக்கிழமைக்குள் கட்டைவிரலுக்கே பாடம் தலைகீழாகத் தெரிந்துவிட்டது.

ஞாயிறு காலை லிசா டப்பாக்களைத் துடைத்துப் பையில் வைத்துக் கொடுத்தாள்.

நன்மைப் பாட்டு தொடங்கியது. ஃப்ளோரன்ஸ் டீச்சர் கண்ணாலேயே எச்சரித்தார். ஆண்ட்ரூ புன்னகைத்தான். 'இடி' என்றிருந்த டப்பாவைத் தேடி, தைரியமாக ஒரே அழுத்து.

இடித்தது. கோபுரத்துப் புறாக்கள் பறந்தன. ஒரு கைக்குழந்தை வீறிட்டது. டீச்சர் கீபோர்டுக்காரரைப் பார்த்துத் தலையசைத்தார்.

பூசை முடிந்து வாசலில் கிட்டாரைக் கட்டிக்கொண்டு அழாத குறையாக நின்றவனிடம் லிசா ஓடி வந்தாள்.

"எப்படிங்க தப்பாச்சு? மூடி ரெண்டும் மாறிக் கெடந்துச்சேன்னு, பாய் அடியில வெட்டியிருந்த பேரைப் பாத்து, காலைல நான்தானே சரியா மாத்திப் போட்டேன்!"