மறுபடியும் பஞ்சு

முயல் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே செத்துப்போயிருந்தது.

கண்ணாடிக்காரருக்கு அதில் சந்தேகமே இல்லை. கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். கண்ணைப் பரிசோதித்துப் பவர் சொல்வது, லென்ஸ் வெட்டிப் பொருத்துவது எல்லாம் அவரேதான். கடை திறந்ததிலிருந்து மூடும் வரை அடுத்தவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆளுக்கு, உயிருள்ள கண் எது, போன கண் எது என்று தெரியாமலா இருக்கும்?

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், சோபாவுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தார். ஒருக்களித்துச் சரிந்து, நாலு காலையும் ஒரே பக்கமாக நீட்டிக் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் வெள்ளை ரோமம் மட்டும் அலைந்துகொண்டிருந்தது.

"பஞ்சு," என்று மெதுவாகக் கூப்பிட்டார்.

காது அசையவில்லை. கண் அவரையே பார்த்தது. அவர் இமைத்தார். அது இமைக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். அப்போதும் இல்லை.

பஞ்சு அவர் மகளுடைய முயல். மனைவியின் தங்கைக்குக் குழந்தை பிறந்திருந்ததால் தாயும் மகளும் ஊருக்குப் போயிருந்தார்கள். கிளம்பும்போது மகள் படியிறங்கியவள் திரும்பி வந்து, "அப்பா, அது உங்களை நம்பித்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாக்கியம் இப்போது மறுபடியும் காதில் கேட்டது.

சொல்லி வைத்தாற்போலக் கைபேசி அடித்தது.

"பஞ்சு என்னப்பா பண்ணுது?"

"தூங்குதும்மா."

"சரி, எழுப்பாதீங்க. சாயங்காலம் வீடியோவில காட்டுங்க."

செத்த எதையும் அவர் தொடமாட்டார். செத்த கரப்பான்பூச்சியைக்கூட மனைவிதான் எடுத்துப் போடுவாள். ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு முயல் மேல் கவிழ்த்தார். பிறகு கீழே போய்க் குடியிருப்பின் வாட்ச்மேனைக் கையோடு கூட்டிவந்தார்.

எதிர்வீட்டு அக்காவின் கதவு திறந்திருந்தது. இந்தப் பக்கம் ஒரு தும்மல் கேட்டால், அந்தப் பக்கம் மனைவிக்கு ஃபோன் போய்விடும். அதனால் கண்ணாடிக்காரர் குரலைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"அண்ணே, அந்தப் பெட்டிக்கு அடியில முயல் இருக்கு. அதை இங்கேயிருந்து கொண்டு போயிடுங்க."

"எங்க சார் கொண்டு போறது?"

"எங்கேயாவது. எங்கேன்னு எங்கிட்ட சொல்லவே வேண்டாம்."

"பாப்பாவுக்குத் தெரியுமா சார்?"

"தெரியக் கூடாது."

வாட்ச்மேன் ஏதோ கேட்க வாயெடுத்தார். கண்ணாடிக்காரர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டார். எதுவும் காதில் விழ வேண்டாம் என்றுதான். வெளியே வந்தபோது பெட்டியும் இல்லை, முயலும் இல்லை, வாட்ச்மேனும் இல்லை.

சாயங்காலம் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போனார். கிளிகளும் மீன்களும் போக, கூண்டில் நாலைந்து முயல்கள் இருந்தன. எல்லாம் சாம்பலும் பழுப்பும். ஒன்றே ஒன்று வெள்ளை. பஞ்சு அளவுதான்.

"இப்பதான் சார் வந்துச்சு," என்றான் கடைக்காரன். "உங்களுக்குன்னே வந்த மாதிரி."

நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு வீட்டு வாசல் வரைதான் நிலைத்தது.

பெட்டியைத் திறந்துவிட்டதும் புது முயல் மிரளவில்லை, முழிக்கவில்லை. கூடத்தைத் தாண்டி நேராக மகளின் அறைக்குள் போனது. கட்டிலுக்கு அடியில் நுழைந்து அவளுடைய பழைய செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பஞ்சு எப்போதும் உட்காரும் இடம்.

குனிந்து பார்த்த கண்ணாடிக்காரர் சட்டென்று பின்வாங்கினார்.

வீடியோவில் மகள், "பஞ்சு," என்றாள். புது முயல் இரண்டு காதையும் நிமிர்த்தித் திரும்பிப் பார்த்தது.

"நல்லா இருக்குப்பா," என்றாள் மகள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். குரல் அவருக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

அன்று வீட்டில் ஒரு விளக்கைக்கூட அவர் அணைக்கவில்லை. முயல் எங்கே இருந்தாலும் அதன் ஒரு கண் அவர் பக்கமே இருந்தது. அவர் சமையலறைக்குப் போனால் அதுவும் வாசல் வரை வந்து நின்றது. திடீரென்று பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு உதை உதைத்தது. வெற்று வீட்டில் அந்தச் சத்தம், யாரோ உள்ளேயிருந்து கதவைத் தட்டுவதுபோல இருந்தது.

'இது வேற, அது வேற,' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். சொன்னால் மட்டும் போதவில்லை. லென்ஸில் குறி வைக்கும் நீலப் பேனா சட்டைப்பையில் இருந்தது. அந்த மை தண்ணீரில் போகாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முயலின் இடது காதுக்குள் ஒரு புள்ளி வைத்தார். புள்ளி இருப்பது புது முயல். புள்ளி இல்லாதது, போய்ச் சேர்ந்த முயல். இதில் குழப்பமே கிடையாது. மனசு கொஞ்சம் அடங்கியது.

மறுநாள் மத்தியானம் வந்து பார்த்தால் அதே சோபா, அதே இடம். நாலு காலும் ஒரே பக்கம். திறந்த கண்.

கண்ணாடிக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே படியிறங்கி ஓடினார்.

"அண்ணே, மறுபடியும்."

"மறுபடியுமா சார்?" வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பாவம் சார் அது. வாயில்லாத ஜீவன்."

"எனக்கு மட்டும் பாவமா இல்லையாண்ணே? என் நேரம். நான் என்ன செய்வேன்?"

வாட்ச்மேன் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு அவரோடு மேலே வந்தார். இவர் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துகொண்டார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி வெளியே யாரோ வலியில் "ஸ்" என்றதுபோலக் கேட்டது. குழாயை இன்னும் கொஞ்சம் திருகினார்.

எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். "என்ன தம்பி, வாட்ச்மேன் அடிக்கடி பெட்டியும் கையுமாப் போறாரு?"

"பழைய பேப்பர் அக்கா."

"பேப்பர் உள்ளேயிருந்து பிறாண்டுதே."

அவர் கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கதவிலேயே சாய்ந்து நின்றார்.

பிராணிக் கடையில் இந்தத் தடவையும் ஒரே ஒரு வெள்ளைதான் இருந்தது. மற்ற முயல்கள் எல்லாம் புல்லைத் தின்றுகொண்டிருக்க, அது மட்டும் தின்னாமல் அவரையே பார்த்தது.

"வேற வெள்ளை இல்லையா?"

"இது ஒண்ணுதான் சார்." கடைக்காரன் அவரைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்தான். "உங்களுக்கு இது மேல என்ன சார் அப்படி ஒரு பிரியம்?"

அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

இந்தத் தடவை முன்னேற்பாடாக, மகளின் பழைய செருப்பை எடுத்து அலமாரியின் அடித்தட்டில் போர்வைக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தார். புதிதாக வந்தது செருப்பைத் தேடிக் கட்டிலுக்கடியில் போனது. இல்லை என்றதும் வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு அலமாரிக் கதவின் இடுக்கில் மூக்கை நுழைத்துத் திறந்து, போர்வையை இழுத்துத் தள்ளி, செருப்பைக் கவ்விக்கொண்டு வந்தது. அதைக் கட்டிலுக்கடியில் பழைய இடத்தில் போட்டு ஏறி உட்கார்ந்துகொண்டது. கண்ணாடிக்காரர் நின்ற இடத்திலேயே நின்றார்.

வீடியோ அழைப்பு வந்தது. முயலைக் காட்டினார்.

"அப்பா, கிட்டக் காட்டுங்க. அது காதுக்குள்ள என்ன நீலமா?"

"எந்தக் காதும்மா?"

"இடது காதுல. புள்ளி மாதிரி இருக்கே."

அவர் குனிந்து பார்த்தார். அவர் வைத்த புள்ளிதான். லென்ஸில் வைப்பதுபோலவே, ஓரம் பிசிறாமல், வட்டமாக.

"மை பட்டிருக்கும்மா," என்றார்.

"சரிப்பா, நாங்க நாளைக்கு மத்தியானம் வந்துடுவோம்."

போனது திரும்பி வந்திருக்கிறது. வேறு எப்படி யோசித்துப் பார்த்தாலும் கணக்கு அங்கேதான் வந்து நின்றது. பஞ்சுவை அவர் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை; அது போய்விட்டது; ஆனால் அவரை விட்டுப் போகவில்லை. இன்னொரு முறை போனாலும் இன்னொரு முறை வரும். அவர் வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

மறுநாள் அவர் கடை திறக்கவில்லை. கூடத்தில் முயலுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெளியே மேகம் மூடி வீடு இருட்டிக்கிடந்தது. முயல் பல்லை நறநறவென்று மெல்லக் கடித்துக்கொண்டு அவரைப் பார்த்தது.

"பாரு பஞ்சு," என்றார். "நான் உன்னை ஒண்ணும் செய்யலை. கேரட் வெச்சேன். புல் வெச்சேன். தண்ணி மாத்தினேன். உன்னைத் தூக்கிக் கொஞ்சலை, அது வாஸ்தவம். எனக்குப் பயம். குழந்தை உன்மேல உயிரையே வெச்சிருக்கு. ஏதாவது குறை இருந்தா என்னைக் கேளு. அவ எதிர்ல மட்டும் போயிடாதே."

முயல் அவரை நெருங்கி வந்தது. அவர் கால் கட்டைவிரலை முகர்ந்தது. கடிக்கப்போகிறது என்று அவர் கண்ணை இறுக்கிக்கொண்டார். கடிக்கவில்லை. கண்ணைத் திறந்தார்.

முயல் அவரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு யாரோ தள்ளிவிட்டதுபோலப் பொத்தென்று பக்கவாட்டில் சாய்ந்தது. நாலு காலும் ஒரே பக்கம் நீண்டன. கண் திறந்தபடியே நின்றுவிட்டது.

கண்ணாடிக்காரருக்கு அழுகை வந்தது. பயத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டது.

கைபேசியில் மனைவியின் குரல், "பஸ் இறங்கிட்டோம், ஆட்டோல வந்துக்கிட்டிருக்கோம்," என்றது.

அவர் பெட்டியைக் கவிழ்த்தார். படியிறங்கினார். வாட்ச்மேன் கையைப் பிடித்து இழுக்காத குறையாக மேலே கூட்டிவந்தார். எதிர்வீட்டு அக்கா கதவைத் திறந்ததையும் பொருட்படுத்தவில்லை.

"அண்ணே, கடைசியா ஒரு தடவை. குழந்தை வர்றதுக்குள்ள இதைக் கொண்டு போயிடுங்க. ஆழமான இடமாப் பார்த்து. திரும்பி வராத இடமா."

வாட்ச்மேன் பெட்டியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், துணி சுற்றியிருந்த தன் விரலைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார், கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குற ஜீவன், இந்தத் தடவை அது தூங்கி எழுந்திரிக்கட்டும், அப்புறமாக் கொண்டு போறேன்; பாதித் தூக்கத்துல தூக்கினா கடிக்குது, பிராணிக் கடை வெச்சிருக்கிற என் மச்சானும் ஒரே முயலை உங்களுக்கு இன்னும் எத்தனை தடவைதான் விக்கிறதுன்னு கேக்குறான்."