நல்ல சரக்கை மடிக்கும் மனிதர்

என் ரத்தக்கொதிப்புக்கு டாக்டர் உப்பைக் காரணம் சொல்கிறார். தப்பு. காரணம் மடிப்பு.

சங்கரன்கோவிலில் விசைத்தறிச் சேலைகளை வெளியூருக்கு அனுப்பும் குடோன் எங்களுடையது. நான் சூப்பர்வைசர். முப்பது வருஷமாக அங்கே சேலை மடிக்கிறவர் என்பதால் அவர் பெயர் மடிப்பு. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது. அன்றைக்கு நாங்கள் ரம்மி ஆடுவோம். போன வருஷம் வேன் டிரைவர் செல்வம் செல்போனில் பார்த்துப் போக்கர் கற்றுக்கொண்டு வந்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து. பந்தயம் புளியங்கொட்டை. கை மோசமென்றால் 'மடி' என்று சொல்லிச் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும். அப்படிச் சொன்னவர் அந்த ஆட்டத்தில் தோற்ற மாதிரி.

அரைமணி நேரத்தில் எனக்குப் பிடிபட்டுவிட்டது. மடிப்போ முதல் ஆட்டத்திலேயே, "மடியும்வே" என்று நான் சொன்னதும் கையிலிருந்த ஹார்ட்டின் ஏஸை நாலாக மடித்து, நகத்தால் நீவி, என்னிடம் நீட்டினார். அன்று காலையில் பிரித்த புதுச்சீட்டு. அப்புறம் அந்த ஏஸ் யாருக்கு வந்தாலும் முதுகிலிருக்கும் சிலுவைக் கோடு காட்டிக்கொடுத்துவிடும் என்று எல்லாரும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டே ஆடினோம்.

அடுத்த மாதம் இரண்டு ராணியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிம்மதியாக வெற்றிலை போட்டார். அதற்கடுத்த ஆட்டத்தில் உதவாத இரண்டு சீட்டை மல்லாக்கப் பரப்பி, "டேமேஜ்" என்று அறிவித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஏம்வே, ராணியை எதுக்கு மடிச்சீரு?"

"நல்ல சரக்கைத்தான அண்ணாச்சி மடிப்பாவ? இழை அறுந்ததை விரிச்சுல்லா போடணும், எல்லாரும் பாக்கட்டும்னு."

மூன்று மாதம் இதே கூத்து. போதாததற்கு ஆட்டத்துக்கு ஆட்டம், "இதுல ஜோக்கர் எது?" என்பார். ஒருநாள் புளியங்கொட்டையை அள்ளி அவர்மேல் எறிந்தேன். அவற்றைப் பொறுக்கி, துடைத்து, என் முன்னாலேயே குவித்து வைத்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாலாம் மாதம் மனிதருக்குப் புரிந்துவிட்டது. செல்வம் அவசரப்பட்டுக் கவிழ்த்தபோது அவரே அதட்டினார்: "ஏலே, மடிச்சா தோத்தேன்னு அர்த்தம். நல்ல கையை வச்சுக்கிட்டு எவனாது மடிப்பானா?" எனக்கு அன்றைக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் எங்கள் ஊர்க் கோயில் திருவிழா, ஆடித்தபசு வந்தது. ஊரே கோயில் வாசலில் நிற்கும் நாளில் லோடு வருகிறது, நானோ மடிப்போ குடோனில் இருந்தாக வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து என் மகள் பேரனை முதல்தடவையாகத் தூக்கி வருகிறாள். அவன் போட்டோவைக் குடோனில் நான் காட்டாத ஆளில்லை. மடிப்போ நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தபசு தவறாதவர். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே ஆட்டம், ஜெயிக்கிறவருக்கு லீவு என்று முடிவானது.

செல்வம் சீட்டுப் போட்டான். என்னிடம் இரண்டு ராஜா. நடுவில் இரண்டு ஏஸ். மூன்றாவது ஏஸ் அவரிடம் இல்லாவிட்டால் அநேகமாக ஜெயிப்பது நான்தான். இருந்த கொட்டை முழுவதையும் நடுவில் தள்ளினேன். மடிப்பு உள்ளங்கையை எடுக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"மடி" என்றார்.

சிரித்துக்கொண்டே சீட்டுகளை அள்ளினேன். அவர் கவிழ்த்ததில் ஒன்றின் முதுகில் சிலுவைக் கோடு.

"ஏம்வே, ஏஸை வச்சுக்கிட்டு எதுக்குவே மடிச்சீரு? யாருக்கு வேணும் உம்ம பிச்சை?" என்று கத்தினேன்.

"சரக்கு நல்லாருந்துச்சு அண்ணாச்சி. மடிச்சிட்டேன்."

மறு ஆட்டத்துக்கு எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. தபசன்று பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றேன். எல்லாரும் கையெடுத்துக் கும்பிட, நான் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷமும் மகள் வருகிறாள், அன்றைக்கே லோடும் வருகிறது. பேரன் மடிப்பின் தோளில்தான் தபசு பார்க்கப் போகிறான். நான் குடோனில் இருப்பேன், அதே கோபத்தோடு.