லத்திகளின் அணிவகுப்பு

அரசாங்கம் ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்தது. திருவொற்றியூர் ரோட்டில் அன்றைக்குப் போலீஸ்காரர் யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் கோதண்டத்தின் வலது தோள் உடைந்திருந்தது. அதையும் அரசாங்கம் மறுக்கவில்லை, எக்ஸ்ரே எடுத்ததே சர்க்கார் ஆஸ்பத்திரி அல்லவா? ஆகவே உண்மையைக் கண்டறிய ஒரு விசாரணைக் குழு அமைத்து, பொன்ராஜ் என்ற அதிகாரியை அதற்குத் தலைவராக்கினார்கள்.

கோதண்டத்தின் பெண்சாதி கெங்கம்மா சாட்சி சொல்லக் கிளம்பினாள். பக்கத்து ஆலையின் நாற்றம் தாங்காமல் மீனவர் குப்பமே நடுரோட்டில் மறியலுக்கு உட்கார்ந்திருந்தபோது அவள் புருஷன் பக்கத்தில்தான் இருந்தாள். இன்ஸ்பெக்டர் உச்சிமாகாளி லத்தியை ஓங்கியதை நேருக்கு நேர் பார்த்தவள். அந்தத் தோளால் இனி வலை இழுக்க முடியாது. போனது போகட்டும், அடித்தது யார் என்று பேப்பரில் ஏறினால் போதும் என்று நினைத்தாள். எவ்வளவு பேராசை பாருங்கள்.

துணைச் சாட்சிக்கு ஆள் கூப்பிட்டபோதுதான் தெரிந்தது, அன்றைக்குக் குப்பத்தில் ஒருத்தர்கூட ஊரில் இல்லையாம். முழுக்கப் படம் பிடித்து, அதற்குப் பாட்டும் போட்டு ஊருக்கே அனுப்பிய டில்லிபாபுகூடத் தலையைச் சொறிந்தான்.

"யக்கா, நான் செல்போனத்தான் பாத்துகினு இருந்தேன். ரோட்ட எங்க பாத்தேன்?"

விசாரணை மண்டபத்தின் வாசலில் பலூன் தோரணம். 'நான் உண்மை பேசுகிறேன்' என்று எழுதி, செல்ஃபி எடுக்க ஒரு அட்டைச் சட்டகம். சாட்சிகளின் மனநலம் பேண சௌமியா என்றொரு பெண் பாய் விரித்துக் காத்திருந்தாள்.

"மூச்சை நல்லா உள்ள இழுங்கம்மா. கோபத்தை மெதுவா வெளிய விடுங்க."

"கோவத்த வுட்டுட்டா, உள்ள போயி சொல்றதுக்கு இன்னாம்மா கீது?"

உள்ளே பொன்ராஜ் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் உச்சிமாகாளி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க கணவரை அடிச்சது யாரும்மா?"

"தோ, டீ குடிச்சிகினு கீறாரே, அவருதான்."

"கையாலயா?"

"லத்தியால சார்."

"அப்போ அடிச்சது லத்தி."

"லத்தி தானா வந்து அடிக்குமா?"

"அதைத்தானே விசாரிக்கிறோம்."

பொன்ராஜ் கை தட்டினார். ஸ்டேஷன் லத்திகளையெல்லாம் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். அடையாள அணிவகுப்பாம்.

"ஆள அடையாளம் காட்றேன்னு வந்தா, குச்சியக் காட்றீங்களே சார்."

"ஆளுங்க டிரான்ஸ்ஃபர்ல போயிடுவாங்கம்மா. லத்திதான் நிரந்தரம்."

சரி, எதையாவது ஒன்றை எழுதித் தொலைக்கட்டும் என்று கெங்கம்மா வரிசையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு லத்தி நடுவில் பிளந்து, டேப் சுற்றி நின்றது.

"இதான் சார். என் வூட்டுக்காரர் தோள்ல பட்டு உடைஞ்சது."

பொன்ராஜ் எழுந்து நின்று அவளுக்கு நன்றி சொன்னார். லத்தி உடைந்த காரணம் தெரியாமல் இலாகாவே தவித்துக்கொண்டிருந்ததாம். அரசு சொத்தைச் சேதப்படுத்திய தோளின் சொந்தக்காரர் என்று அன்று சாயங்காலமே கோதண்டத்தின் மேல் வழக்குப் பதிவானது.

வழக்கென்றால் சாட்சி வேண்டும். அரசுத் தரப்பில் சாட்சி சொல்பவர்களுக்குப் பொன்னாடையும் 'பொறுப்புள்ள குடிமகன்' சான்றிதழும் உண்டு என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தார்கள். அவ்வளவுதான், அன்றைக்கு ஊரில் இல்லாத குப்பம் மொத்தமும் அன்றைக்கு ரோட்டில் இருந்ததாக மண்டபத்தில் வரிசையில் வந்து நின்றது. முதல் ஆள் டில்லிபாபு.

"அவரு தோளு வேகமா வந்து லத்தி மேல வுழுந்துச்சு சார். லத்தி பாவம், கம்முனு இருந்துச்சு."

கெங்கம்மா எழுந்தாள். "அந்த லத்தி யாரு கையில இருந்துச்சு? அத்தயும் சொல்லு நைனா."

டில்லிபாபு இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். மேசை மேலிருந்த பொன்னாடையைப் பார்த்தான். "படத்துல லத்தி வரைக்கும்தாங்க்கா வுழுந்துச்சு. கை வுழல."

போலீஸ்காரன் அடித்தபோதுகூடக் கெங்கம்மாவுக்கு இவ்வளவு ஆத்திரம் வரவில்லை.

இரண்டு வாரத்தில் மறுபடி நாற்றம் வந்தது. குப்பம் மறுபடி ரோட்டுக்கு வந்தது, புது லத்திகளும் வந்தன. இந்த முறை டில்லிபாபுவின் மண்டை பிளந்தது. செல்போனும் உடைந்து போனதால் படமும் இல்லை. மறுபடி விசாரணை வைத்தார்கள். அன்றைக்கும் ஊரில் யாரும் இல்லையாம்.

தலையில் கட்டோடு அவன் கெங்கம்மாவின் மீன் கூடை முன்னால் வந்து நின்றான். "யக்கா, நீ பக்கத்துலதான கடை போட்டுகினு இருந்த. யாரு அடிச்சான்னு நீ பாத்தத வந்து சொல்லுக்கா. எனக்கு வேற நாதி இல்ல."

கெங்கம்மா கூடையை மூடிவைத்துவிட்டு அவனோடு மண்டபத்துக்குப் போனாள். அதே பலூன், அதே பாய், அதே நாற்காலியில் அதே உச்சிமாகாளி.

"என்னம்மா பார்த்தீங்க?" என்றார் பொன்ராஜ்.

அவள் டில்லிபாபுவைப் பார்த்தாள். அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது.

"நான் மீனத்தான் சார் பாத்துகினு இருந்தேன். இவன் மண்டைய எங்க பாத்தேன்?"

சொல்லி முடித்தவள் டில்லிபாபுவின் பக்கம் திரும்பவில்லை. அதற்குள் பொன்ராஜ் எழுந்து வந்து பொன்னாடையைப் போர்த்திவிட்டார். கேமரா மின்னியது.

அவள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. கோதண்டத்தின் கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட வீட்டில் ஒரு நல்ல துணி இல்லாமல் இருந்தது.