கணவர் வகை: பொருள்

கைம்பெண்களை அறவே ஒழித்த முதல் அலுவலகத்தை உலகம் 2011-இல்தான் கண்டது. வல்லரசுகளால் ஆகாத காரியம். அதை நாகர்கோவிலில், மாடிப்படிக்கு அடியில் இயங்கிய ஒரு சான்றிதழ்ப் பிரிவு சத்தமில்லாமல் செய்து முடித்தது. 'தகுதி அறியும் கணினித் திட்டம்' தொடங்கிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. விதவைச் சான்றிதழ் கேட்டு வந்த இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கும் கணவர் இருப்பதாகக் கணினி 'கண்டறிந்து' திருப்பி அனுப்பியிருந்தது. இதற்காகப் பிரிவுத் தலைவர் நாராயணபெருமாளுக்கு வெள்ளிக்கிழமை கேடயம்.

திட்டத்தை எழுதியவன் அஞ்சுகிராமத்து எபிசன். புதன்கிழமை பிற்பகல், பிரிண்டரில் சிக்கிய தாளை உருவ வந்தவன் கவுண்டரில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். கடியப்பட்டணத்து செசிலி கணவனின் இறப்புச் சான்றிதழோடு நின்றுகொண்டிருந்தாள். மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விதவைச் சான்றிதழை ஐந்து மணிக்குள் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அப்போதே மணி மூன்றே கால்.

"ஏம்மா, கணவர் உள்ளார்னு வருதே," என்றார் நாராயணபெருமாள்.

"எங்க இருக்காவ? சொல்லுங்க சாரே, போயி கூட்டியாறேன்."

"அது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. இருக்காருன்னு மட்டும்தான் தெரியும்."

எபிசன் திரையைப் பார்த்தான். பிழை எங்கே என்று உடனே புரிந்துவிட்டது.

கணவர் இல்லையென்றால் அந்த இடத்தில் 'நல்' என்று நிரப்பும்படி அவன்தான் எழுதியிருந்தான். திட்டத்தை எழுதிய ஸ்கிரிப்ட் மொழியில் 'நல்' என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். பிறகு அந்த இடத்தில் இருப்பது எந்த வகை என்று திட்டம் மொழியையே கேட்கும். உயிரோடிருக்கும் கணவரின் விவரத்தைக் காட்டினால் அது 'பொருள்', அதாவது ஏதோ ஒன்று இருக்கிறது, என்று சொல்லும். 'நல்'லைக் காட்டினாலும் வெட்கமில்லாமல் 'பொருள்' என்றே சொல்லும், பிறவிக் கோளாறு. பொருள் என்று பதில் வந்தால் கணவர் உள்ளார் என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவன் எபிசன். சோதித்துப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தான். மனைவி ஜாஸ்மியின் பெயரைப் போட்டுப் பார்த்தான். அவன் உயிரோடிருந்தபடியால் சோதனை மாபெரும் வெற்றி.

"சார், தப்பு எனக்க மேலதான். ஒரு வரிதான், இப்பவே திருத்திருதேன்."

"திருத்தினா?"

"இவிய விதவைன்னு சரியா வரும்."

"இவிய மட்டுமா?"

"இருநூத்திப் பன்னெண்டு பேரும்."

நாராயணபெருமாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கெழம கேடயம்டே! ரெண்டே நாள்ல இத்தன ஆம்பிளையளையும் கொல்லச் சொல்லுதியா?" பிறகு, நிர்வாகத்துக்கே உரிய கருணையோடு செசிலியிடம் திரும்பினார். "முறைப்படி போவோம்மா. ஒனக்க மாப்பிள நேர்ல வரட்டு. 'நான் உயிருடன் இல்லை'ன்னு கைப்பட எழுதித் தரட்டு. ரெண்டு சாட்சி. ஒரு போட்டோ, சமீபத்துல எடுத்தது."

எபிசனுக்குக் காது மடல் சுட்டது. அவனுடைய ஒப்பந்தம் நீடிப்பதும் நீடிக்காததும் இந்த மனுஷர் கையில். இருந்தாலும் உட்கார்ந்தான். அந்த ஒற்றை வரியைத் தட்டினான். 'கணவர்: இல்லை' என்று வந்தது. பிரிண்டர் இந்த முறை தாளைக் கடிக்காமல் துப்பியது.

"உனக்க ஒப்பந்தம் இத்தோட தீந்துது. இந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"போடாண்டாம் சார். வெள்ளிக்கெழம மேடையில அந்த இருநூத்திப் பன்னெண்டு மாப்பிளமாரையும் ஒருக்கா காட்டுங்கன்னு ஆராவது கேட்டா, நீங்களே கூட்டி நிறுத்திக்கிடுங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாராயணபெருமாள் அவசரமாகப் பேனாவைத் திறந்து, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார். மணி நாலு.

"நல்லவேள, நாம கண்டுபிடிச்சோம்," என்று பெருந்தன்மையோடு தாளை நீட்டினார். "எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் பண்ணின தப்பும்மா."

செசிலி தாளை வாங்கி ஊதிக் காயவைத்தாள்.

"கம்ப்யூட்டரக் குத்தம் சொல்லாதிய சாரே. அவிய உயிரோட இருந்தப்போ மீனவர் அட்டைக்கு இதே கவுண்டர்ல நாலு வாட்டி வந்து நின்னாவ. நாலு வாட்டியும், அப்பிடி ஒரு ஆளே இல்லன்னு அனுப்பினிய. அன்னைக்கு ஒங்களுக்குக் கம்ப்யூட்டரு வேண்டியிருக்கல்லியே."