லண்டனில் இருந்து திறந்த கதவு

நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் நான் மச்சம் தொடமாட்டேன் என்று எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னச் சந்து முழுக்க, ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்தான். (மச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அடக்கம். கேக்கில் இருக்கும் முட்டையும் அடங்குமா என்பதில் வீட்டுக்கு வீடு கருத்து வேறுபாடு உண்டு.)

அப்போது நான் ஒரு பாடசாலையில் உப அதிபர். பிள்ளைகளின் புத்தகப் பையைத் தடவிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அந்தப் பழக்கம் பாடசாலை விட்ட பிறகும் என்னை விடவில்லை. திருவிழாவின் பத்தாம் நாள், எங்கள் ஒழுங்கையில் தண்ணீர்ப் பம்பி திருத்தும் பரமலிங்கம் அண்ணையைச் சைக்கிளோடு மறித்தேன். ஹாண்டிலில் தொங்கிய பையில் இருந்து ஒரு மீன் வால் எட்டிப் பார்த்தது.

"அண்ணை, கொடியேறிப் பத்து நாளாச்சு" என்றேன்.

"ஓம் மாஸ்டர். மகள் பிள்ளைத்தாச்சியா வந்து நிக்கிறாள். மீன் கேட்டவள்."

"முருகன் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவியளோ?"

அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். அதற்கு முந்திய நாள்தான் நான் இரண்டாவது தடவையாக மட்டன் ரோல் சாப்பிட்டிருந்தேன் என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் விட்டால், இதை எழுதுவதில் அர்த்தமே இல்லை.

என் மனைவி கௌரி பிடித்தது உண்மையான விரதம். அதற்கு முந்திய வருடம் எனக்கு நெஞ்சு நோவு வந்து பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள் கிடந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அவள் நேர்த்தி வைத்தாள்: நான் எழும்பி நடந்தால், அடுத்த திருவிழா முழுக்க அவள் ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம், நான் சுத்த சைவம். நானும் தலையாட்டினேன். (படுக்கையில் கிடக்கும்போது எதற்கும் தலையாட்டலாம்.) கொடியேறியதும் அவள் சொன்னபடி பகல் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டாள். நான் ஏழு நாள் தாக்குப்பிடித்தேன். எட்டாம் நாள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு கடைப் பக்கம் என் கார் தானாகவே திரும்பியது.

வாங்கிவிடலாம், ஆனால் எங்கே வைத்துச் சாப்பிடுவது? கடையில் இருந்தால் பழைய மாணவன் எவனாவது வந்து "வணக்கம் சேர்" என்பான். வீட்டுக்குள் கௌரியின் மூக்கு இருக்கிறது. மிச்சம் இருந்தது எங்கள் கராஜ்.

அந்தக் கராஜின் கதவு ஒழுங்கைக்கே பெருமை. கௌரியின் தம்பி ரமணன் லண்டனில் இருக்கிறான். போன முறை வந்தபோது, போனில் தட்டினால் சுருண்டு மேலே போகும் உருளைக் கதவு ஒன்றைப் பொருத்திவிட்டு, உள்ளே கூரையில் ஒரு கமெராவும் வைத்துவிட்டுப் போனான். அதை இயக்கும் செயலியைத் தன்னுடைய மின்னஞ்சலில் பதிந்தான், ஏனென்றால் என்னுடையதன் கடவுச்சொல் எனக்கு ஞாபகம் இல்லை. அதனால் அந்தச் செயலியில் அவன் 'உரிமையாளர்', நான் 'விருந்தாளி'. என் சொந்தக் கராஜில் நான் விருந்தாளி. அதைப் பார்த்து நான் சிரித்தேனே தவிர யோசிக்கவில்லை.

யோசித்தவர் பரமலிங்கம் அண்ணை. கதவு பொருத்திய அன்றைக்கே அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மாஸ்டர், கரண்ட் போனா உது என்ன செய்யும்?"

"ஒரு சிவப்புக் கயிறு கிடக்காம், இழுத்தாக் கையாலை திறக்கலாமாம்."

"அப்ப லண்டனிலை இருந்தும் திறக்கலாமோ?"

"திறக்கலாம். ஆனா அங்கை இருக்கிறவைக்கு ஆயிரம் சோலி. எங்கடை கதவைத் திறக்கிறதே அவைக்கு வேலை?"

விஞ்ஞானம் படிப்பித்தவன் வாயில் இருந்து வந்த விளக்கம் இது. கமெரா விஷயத்திலும் என் அறிவு இதே தரம்தான். ஆள் அசைந்தால் என் போனுக்கு ஓயாமல் அறிவித்தல் வந்து கரைச்சல் கொடுத்தது. அறிவித்தலை நிறுத்தினேன். அதோடு கமெராவும் கண்ணை மூடிவிட்டது என்று நம்பினேன்.

சப்பரத் திருவிழா நாள் வந்தது. அடுத்த நாள் தேர், அதற்கடுத்த நாள் தீர்த்தத்தோடு திருவிழா முடிந்துவிடும். அன்று பின்னேரம் சுவாமி பார்க்க வரும் சனத்துக்கு எங்கள் ஒழுங்கை முகப்பில் மோர் கொடுப்பது வழக்கம். தலைமை நான். மோர் கலக்கும் பெரிய பித்தளைக் கிடாரம் எங்கள் கராஜில்தான் இருந்தது. ஐந்தரைக்கு எல்லாரும் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. ஐந்து மணிக்கு நான் கதவை இறக்கிவிட்டு, இருக்க வேறொன்றும் அகப்படாததால் அந்தக் கிடாரத்தையே கவிழ்த்துவைத்து அதன்மேல் இருந்து, மூன்றாவது தடவையாகக் கடதாசிப் பையைப் பிரித்தேன். மூன்று ரோல். இன்னும் சூடு ஆறவில்லை.

இரண்டாவது ரோலில் பாதி போனபோது மோட்டர் உறுமியது. நான் போனைத் தொடவே இல்லை. கதவு மெதுவாக, மிக மெதுவாக மேலே போகத் தொடங்கியது.

கீழே முதலில் கால்கள் தெரிந்தன. ஆறேழு பேருடைய கால்கள். சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்து நிற்கும் மனிதர்களை நான் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறை சந்தித்தேன். நடுவில் இருந்த இரண்டு கால்களின் மெட்டியை எனக்குத் தெரியும். அவை கௌரியின் கால்கள். அந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு முதலில் கிடாரம் தெரிந்திருக்கும், பிறகு என் முழங்கால், பிறகு கை, கடைசியில் நிறைந்த வாய். கோயிலில் திரை விலகுவதுபோலப் பொறுமையாக எல்லாம் நடந்தது. பின்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் கும்பிடக் கை தூக்கியதையும் கண்டேன்.

அப்போது கூரைக் கமெராவில் இருந்து குரல் வந்தது.

"அத்தான், மேலை பாருங்கோ. நான் ரமணன். சின்னவன்ரை பிறந்தநாள். எல்லாரும் டீவியிலை உங்களைத்தான் பாக்கினம். இஞ்சை இருந்து கதவு திறக்கிறதைக் காட்டுவமெண்டு நினைச்சன், நீங்களே உள்ளுக்கை இருக்கிறியள்."

ஒரு பெண் குரல் குறுக்கே வந்தது. "உவர் என்னத்தையோ சாப்பிடுறார். ரோல்ஸ் மாதிரிக் கிடக்கு."

"சப்பரத்தண்டைக்கோ?" என்றது இன்னொரு குரல்.

முப்பது வருடம் பிள்ளைகளின் பொய்யைப் பிடித்தவன், தன் முறை வந்தபோது எடுத்துவிட்ட பொய்யைக் கேளுங்கள். "மரக்கறி ரோல்" என்றேன்.

"பொறுங்கோ, பெருப்பிச்சுப் பாப்பம்" என்றான் ரமணன். பிறகு அவனுடைய பத்து வயது மகள் தெளிவான தமிழில் கேட்டாள். (அங்கே சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறவள்.) "அப்பா, மாமாவின்ரை மடியிலை எலும்பு கிடக்குது. மரக்கறியிலை எலும்பு இருக்குமோ?"

எனக்கு ஒரே யோசனைதான் வந்தது: கதவை மூடு. போனை எடுத்துத் தட்டினேன். அந்தச் செயலியில் திறக்கவும் மூடவும் இருப்பது ஒரே பொத்தான். என் மானத்தைக் காப்பாற்ற அதே நொடியில் லண்டனில் ரமணனும் தட்டியிருக்கிறான். கதவு இரண்டடி இறங்கியது, திரும்ப ஏறியது. நான் மீண்டும் தட்டினேன், அவனும் தட்டினான். நான் மறைந்தேன், தோன்றினேன், மறைந்தேன். பிறகு பிறந்தநாளுக்கு வந்த பிள்ளைகள் அவனுடைய போனைப் பறித்துக்கொண்டார்கள் என்பது கூரையில் இருந்து வந்த சிரிப்பில் விளங்கியது. எனக்குச் சாகலாம் போல இருந்தது. நேர்த்தி வைத்து உயிரைக் காப்பாற்றியவள் எதிரே நிற்கும்போது அப்படி நினைப்பதும் வெட்கமாக இருந்தது.

கூட்டத்தில் இருந்து பரமலிங்கம் அண்ணை உள்ளே வந்தார். நிமிர்ந்து பார்த்து, சிவப்புக் கயிற்றை ஒரு இழுவை இழுத்தார். மோட்டர் அடங்கியது. கௌரியும் அவருக்குப் பின்னால் வந்ததும், கதவைக் கையால் கீழே இறக்கினார். ஒழுங்கை முழுவதும் வெளியே நின்றது. அவர் மீன் பையைப் பற்றி ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"மாஸ்டர், வாயைத் துடையுங்கோ" என்றார். "கிடாரத்தைப் பின்னாலை கிணத்தடிக்குக் கொண்டு போவம். புளி போட்டு மினுக்கினாச் சரி."

கௌரி கடதாசிப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவளுடைய ஒரு நேரச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கே முடிந்திருந்தது.

"இஞ்சாருங்கோ, பசிச்சா என்னட்டைச் சொல்லியிருக்கலாமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

கிணற்றடியில் நானே இருந்து கிடாரத்தைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே முந்திய இரண்டு நாளையும் கௌரியிடம் ஒப்புக்கொண்டேன். மோர் ஒரு மணி நேரம் பிந்தியது. தீர்த்தம் முடிந்து ஊரெல்லாம் மீன் சட்டியை அடுப்பில் வைத்த அன்று, கௌரி வழக்கம்போல ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"மூண்டு நாள் குறையுதெல்லே. நேர்த்தியைக் குறையா விடக்கூடாது" என்றாள். நான் தின்ற மூன்று நாளுக்கும் அவள் விரதம் பிடித்தாள். அந்த மூன்று நாளும் நானும் அவளோடு ஒரு நேரம்தான் சாப்பிட்டேன். முதல்முறையாக எனக்கு உண்மையாகவே பசித்தது. பரமலிங்கம் அண்ணை வீட்டுக்குப் போய் அவருடைய மகளிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

இது நடந்து நாலைந்து வருடமாகிறது. லண்டனில் எந்தக் கொண்டாட்டத்திலும் யாராவது ஒதுங்கி நின்று எதையாவது மென்றால், "கதவு பூட்டியிருக்கோ எண்டு பாத்துக்கொண்டு சாப்பிடு" என்று சொல்லிச் சிரிக்கிறார்களாம். நான் போகாத ஊரில் எனக்கு அவ்வளவு பெயர்.

செயலியில் இப்போது உரிமையாளர் கௌரி. பாதுகாப்புக் கருதி ரமணனையும் என்னையும் நீக்கிவிட்டாள். என் காரை வெளியே எடுக்க வேண்டுமானால் நான் அவளுக்குத்தான் போன் எடுக்க வேண்டும். போன திருவிழாவில் ஒரு நாள் அவள் கோயிலில் நின்றாள். நான் கராஜுக்குள் நின்று போன் எடுத்தேன்.

"கௌரி, கதவைத் திறவும்."

"முதல் நீங்கள் வாயைத் திறவுங்கோ. கமெராவுக்கு நேரை. இன்னும் கொஞ்சம். ம், பல்லுக்கை ஒண்டும் இல்லை."

நான் கூரையைப் பார்த்து ஆவென்று நின்றுகொண்டிருக்கும்போதே கதவு ஏறிவிட்டது. வெளியே ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்த நாலு பிள்ளைகள் சைக்கிளை நிறுத்தி, மிகவும் மரியாதையாக, "வணக்கம் சேர்" என்றார்கள்.